காற்றிலுள்ள கரி யாருக்குச் சொந்தம்?

(பதுளையில் ஆற்றிய சொற்பொழிவின் முழு வடிவம்)



சட்டம் படித்தவர்கள் இரசாயனம் பேச வந்த காரணம் என்ன என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. உலகச் சந்தையில் இன்று புதிய பண்டம் ஒன்று விலை பேசப்படுகிறது. அது தேயிலையன்று, இறப்பருமன்று. காற்றிலிருந்து பிடித்தெடுக்கப்படும் கரியமில வாயு. நம் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் காபனீரொட்சைட்டு என்று படிப்பது இதனையே. பண்டத்துக்கு விலை வந்தவுடன் அதற்கு உரிமையாளன் வந்துவிடுகிறான். உரிமையாளன் வந்தவுடன் உடன்படிக்கை வருகிறது. உடன்படிக்கை வந்தவுடன், அதில் எவர் பெயர் எழுதப்பட்டது, எவர் பெயர் விடப்பட்டது என்னும் கேள்வி எழுகிறது. பெயர் விடப்பட்ட மக்கள் படும் பாட்டை ஊவா மலைகளில் வாழும் நமக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஆகவே முதற்கண் இந்தப் பண்டம் எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். பின்னர் அது யாருக்கு உரியது என்பதைப் பேசுவோம். பொருளை அறியாமல் உரிமை பேசுவது, வழக்கின் விவரம் தெரியாமல் மன்றேறுவதை ஒக்கும்.

துளியின் கணக்கு

நாம் சுவாசிக்கும் காற்றில் பதினாயிரம் பங்குக்கு ஏறத்தாழ நான்கு பங்கே இந்த வாயு உள்ளது. இயந்திரத் தொழில் பெருகுமுன் பத்து இலட்சம் பங்குக்கு 280 ஆக இருந்தது. 1958 ஆம் ஆண்டு சார்ள்ஸ் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. இன்று 420-ஐயும் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததன் பயன் இது. அளவிற் சிறிதாயினும் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமற் போர்வைபோல் தடுக்கும் ஆற்றல் இதற்கு உண்டு.

இதனைப் பிடிப்பதற்கு நீர்மம் ஒன்று வேண்டும். வாயு நீர்மத்துக்குள் நுழைவதற்கு ஒரே வாயில் அந்த நீர்மத்தின் மேற்பரப்பு. வாயில் அகலமானால் நுழைவது பெருகும். இந்த உண்மையை நம் தோட்டத்து மக்கள் புத்தகம் இன்றியே அறிவார்கள். 1946 ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியது. அதனைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்தை விசிறினார்கள். அந்த மருந்தை வாளியால் அள்ளிச் செடியின் தலையில் ஊற்றினால் என்னவாகும்? ஓர் இலை நனையும், மிச்சம் மண்ணுக்குப் போகும். முதுகிற் சுமக்கும் கருவியிலிருந்து புகைபோல் விசிறினாலோ அதே அளவு மருந்து செடி முழுவதையும் மூடும். நீரின் அளவு மாறவில்லை; அதன் மேற்பரப்பே பெருகியது.

கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள மழைத்துளி ஒன்றை, அதன் விட்டத்தில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள நுண்துளிகளாகச் சிதறடித்தால் பத்து இலட்சம் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு முதல் துளியினுடையதைப் போல் நூறு மடங்கு. வாயுவைப் பிடிக்க வேண்டிய கோபுரங்களிலே கரைசலை மேலிருந்து துளிகளாகத் தூவுவதும், தகடுகளின்மீது மெல்லிய படலமாக வழியவிடுவதும் இந்த நியாயத்தின்படியே.

வெறும் நீர் இந்த வாயுவை மெதுவாகவே ஏற்கும், ஏற்பதும் சிறிதே. காரத்தன்மையுள்ள பொருளொன்றைக் கரைத்துவிட்டால் பிடிப்பு விரைவாகும். அமீன் என்னும் சேர்மங்கள் இதற்கு ஏற்றவை. குளிர்ந்த நிலையில் அவை வாயுவைப் பற்றிக்கொள்கின்றன. நூறு முதல் நூற்றிருபது பாகை வரை சூடேற்றினால் அதனை விட்டுவிடுகின்றன. விட்ட வாயுவைத் தனியே சேர்க்கலாம். கரைசலை மறுபடி பயன்படுத்தலாம். 1930 ஆம் ஆண்டிலேயே பொட்டம்ஸ் என்னும் அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆகவே இது நேற்று முளைத்த வித்தையன்று.

நேற்று முளைத்தது வேறொன்று. மைக்ரோன் அளவிலான நுண்துளிகளுக்குள் இரசாயன மாற்றங்கள் சில, பாத்திரத்து நீரில் நடப்பதைவிடப் பன்மடங்கு விரைவாக நடக்கின்றன என்று அமெரிக்காவின் பேர்டியு பல்கலைக்கழகத்துக் கிரகாம் குக்ஸ், ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஸேர் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் காட்டியுள்ளன. துளியின் விளிம்பில் நிற்கும் மூலக்கூறு நாற்புறமும் நீரால் மூடப்படாமல் பாதி வெளியே நிற்கிறது. அதனால் மற்றொன்றுடன் சேர அதற்குத் தடை குறைவு என்பது ஒரு விளக்கம். துளி ஆவியாகும்போது உள்ளிருக்கும் பொருள் செறிவடைகிறது என்பது இன்னொன்று. விளிம்பில் வலிய மின்புலம் உண்டு என்பது மூன்றாவது. கரியமில வாயுவையும் இம்முறையாற் குறைந்த செலவிற் பிடிக்கலாகுமோ என்னும் ஆர்வம் இதனாலேயே எழுந்தது.

ஆயினும் இவ்விடத்தில் நிதானம் வேண்டும். நீர்த் துளிகளில் ஐதரசன் பேரொட்சைட்டு தானாகவே உண்டாகிறது என்று 2019 ஆம் ஆண்டு ஸ்டான்போர்டுக் குழு அறிவித்தது. சுற்றியுள்ள ஓசோனும், நீர் தொட்ட திண்பொருளும் காரணமாயிருக்கலாம் என்று வேறு ஆய்வாளர் மறுத்தனர். வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. நீதிமன்றத்துக்கு இறுதி மேன்முறையீடு உண்டு. அறிவியலுக்கு அது இல்லை. எந்தத் தீர்ப்பும் மீண்டும் விசாரணைக்கு வரலாம். ஆகவே, "எல்லாம் முடிந்த முடிபு, கையெழுத்துப் போடுங்கள்" என்று எவரேனும் நம்மிடம் வந்தால், அவர் விஞ்ஞானியல்லர், விற்பனையாளர் என்று கொள்க.

நுண்துளிக்கு அதற்குரிய தொல்லைகளும் உண்டு. சிறிதாகச் சிறிதாகத் துளியைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். அமீன் துளிகள் புகைபோக்கி வழியே வெளியேறினால் அவற்றிலிருந்து நைத்திரோசமீன் போன்ற தீய பொருள்கள் உண்டாகக்கூடும் என்பது ஆய்வாளர் கவலை. துளியாக்குவதற்கும் சூடேற்றுவதற்கும் சக்தி வேண்டும். கரி பிடிக்கக் கரி எரிப்பதானால் அது கடனை அடைக்கக் கடன் வாங்கும் கதைதான்.

தூத்துக்குடி தரும் பாடம்

இந்த வித்தை தமிழ் மண்ணிலே நடைமுறைக்கு வந்துள்ளது. கடலுக்கு அப்பால், தூத்துக்குடியில், காரப் பொருள்களும் உரமும் செய்யும் தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரி எரிக்கும் கொதிகலனின் புகையைக் கரைசலாற் கழுவி, அதிலுள்ள கரியமில வாயுவைப் பிரித்து, அதனையே மூலப்பொருளாகக் கொண்டு சோடாச்சாம்பல் செய்கிறார்கள் என்னும் செய்தி 2017 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. கரைசலை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்திற் படித்த இரண்டு இளைஞர்கள். ஆண்டுக்கு 60,000 தொன் பிடிப்பது திட்டம். அரசின் மானியத்தை நம்பாமல் அமைத்தது என்பதே அதன் சிறப்பாகக் கூறப்பட்டது.

இதில் மெச்சத்தக்கது உண்டு. மேல்நாட்டின் பெருஞ்செல்வர் மட்டுமே செய்யக்கூடியது என்று எண்ணப்பட்டதை, தென்தமிழ்நாட்டு ஆலை ஒன்று தன் தேவையையும் இலாபத்தையும் கணக்கிட்டுச் செய்தது. ஆனால் உணர்ச்சி அடங்கியபின் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, அளவு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் உலகம் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயு 3,700 கோடி தொன்னுக்குக் குறையாது. அதில் 60,000 தொன் ஏறத்தாழ ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு.

இரண்டாவது, பிடித்த வாயு பின்னர் எங்கே போகிறது? சட்டத்தில் கைது செய்வது வேறு, சிறையிலடைப்பது வேறு. சோடாச்சாம்பலைக் கொண்டு கண்ணாடி செய்கிறார்கள். உலையில் மணலுடன் சேர்ந்து உருகும்போது அதிலுள்ள கரியமில வாயு மறுபடி வெளியே வந்துவிடுகிறது. பிடித்தவன் முன்வாயிலிற் பிடித்தான். பிணையில் வந்தவன் பின்வாயிலால் வெளியேறினான். இதனால் முயற்சி வீண் என்று நாம் கூறவில்லை. ஒரே கரி இரண்டு முறை பயன்படுகிறது. வேறிடத்தில் அதற்கென எரிப்பது குறையலாம். ஆனால் பயன்படுத்துவதையும் நீக்குவதையும் ஒன்றாக எழுதி ஒரே விலைக்கு விற்பது நேர்மையாகாது. ஐசுலாந்தில் செய்வதுபோல் நீரிற் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்கிவிட்டால் அதுவே சிறை.

ஆலைப் புகையை விட்டுத் திறந்த காற்றிலிருந்து பிடிப்பது இன்னும் கடினம். நிலக்கரிப் புகையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கரியமில வாயு. திறந்த காற்றிலோ பதினாயிரத்துக்கு நான்கு. ஒரு தொன் வாயு வேண்டுமானால் ஏறத்தாழ 13 இலட்சம் கன மீற்றர் காற்றை முற்றாகச் சலித்தாக வேண்டும். எனவே பதுளை மலையில் இயந்திரத்தை நாட்டிக் காற்றைக் கழுவி நாளையே செல்வராகலாம் என்று எவரும் கனவு காண வேண்டாம்.

மழைத்துளியும் மலைக்கல்லும்

அப்படியானால் ஊவாவுக்கும் இதற்கும் தொடர்பு என்ன? தொடர்பு உண்டு. இயந்திரமில்லாமலே இந்த வேலையைச் செய்யும் துளி ஒன்று உள்ளது. அதுவே மழைத்துளி.

வானிலிருந்து இறங்கும் துளி வழியிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மண்ணுக்குள் நுழைந்ததும் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் வாயுவையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த அமிலம் சிலிக்கேற்றுக் கல்லை மெதுவாக அரிக்கும்போது வாயு இருகாபனேற்றாக மாறி நீருடன் போகிறது. பதுளை ஓயாவின் நீர் மகாவலியிற் கலந்து, கொட்டியாரக் குடாவிற் கடலையடைகிறது. கடலுக்குள் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். இயற்கை நடத்தும் சிறைச்சாலை அதுதான். ஆனால் அதன் வேகம் மலை தேயும் வேகம்.

அந்த வேகத்தைக் கூட்டுவதற்கு வழி என்ன? துளிக்குச் சொன்ன நியாயமே கல்லுக்கும். கல்லைத் தூளாக்கினால் மேற்பரப்பு பெருகும். மேற்பரப்பு பெருகினால் மாற்றம் விரையும். இந்தியாவில் இதனை வயலிற் செய்து பார்க்கிறார்கள். தார்ஜிலிங் தேயிலை நாட்டில் ஒரு நிறுவனம் ராஜ்மகால் குன்றுகளின் பசால்ட்டுக் கல்தூளைத் தோட்டங்களிற் பரப்பி, அதனாற் பிடிபடும் கரியைக் கணக்கிட்டு வெளிநாட்டாருக்கு விற்க முனைந்துள்ளது. இந்தியச் சிறு விவசாயிகளின் வயல்களில் இதே வேலையைச் செய்யும் மற்றொரு நிறுவனம் 2025 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐந்து கோடி டொலர் உலகப் பரிசு பெற்றது. தார்ஜிலிங்குக்கு வந்தது ஹப்புத்தளைக்கும் பசறைக்கும் வராது என்பதற்கு என்ன உறுதி? வரும். வருமுன் நாம் அறிந்திருக்க வேண்டும்.

உழவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்தூள் இடுவது நமக்குப் புதிதன்று. உரம் இட்டு இட்டுப் புளித்துப்போன தேயிலை மண்ணுக்குக் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் இடும்படி தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகக் கூறிவருகிறது. ஆனால் டொலமைட் வேறு, பசால்ட்டு வேறு. டொலமைட் கல்லுக்குள் கரியமில வாயு ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. மண்ணில் உரத்தால் உண்டான வலிய அமிலம் அதைத் தாக்கும்போது அந்த வாயு காற்றுக்கு வெளியேறும். பசால்ட்டுக்குள் அவ்வாறு அடைபட்ட வாயு இல்லை. ஆகவே அதற்குப் பிடிக்க இடமுண்டு. அங்கும் மண்ணில் வலிய அமிலம் மிகுந்திருந்தால், கல்லின் ஆற்றல் அந்த அமிலத்தை அடக்குவதிலேயே செலவாகிவிடும். மண்ணுக்கு நன்மை கிட்டும். விற்பதற்குக் கரி மிஞ்சாது. "கல்தூள் போட்டோம், ஆகவே கரி பிடித்தோம்" என்று எவரேனும் கணக்கெழுதினால் மண்ணின் புளிப்பை அளந்தீர்களா என்று முதலிற் கேளுங்கள்.

இன்னுமொன்று. ஒரு தொன் பசால்ட்டுத் தூள் பல ஆண்டுகள் கழித்துப் பிடிக்கக்கூடியது, மிகச் சிறந்த நிலையிலும், ஒரு தொன்னில் மூன்றிலொரு பங்களவே. அதிலிருந்து கல்லை உடைத்த செலவையும் லொறியில் மலையேற்றிய செலவையும் கழிக்க வேண்டும். நம் மலைகளின் பாறை பெரும்பாலும் பசால்ட்டன்று. நைசும் சார்னொக்கைட்டும் ஆகும். அவை பசால்ட்டைவிட மெதுவாகவே அரிபடும். ஆகையால் தார்ஜிலிங்கின் கணக்கை எழுத்துக்கெழுத்து இங்கே பெயர்த்தெழுத முடியாது. பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது; பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. சோதனையை நம் மண்ணில், நம் பிள்ளைகளின் கையால் செய்து பார்க்கத் தடை ஒன்றுமில்லை.

தூளைத் தூவுகிறவர் யார் என்பதையும் மறந்துவிட வேண்டாம். கல்தூளில் நுண்ணிய சிலிக்கா இருந்தால் அது நுரையீரலிற் படிந்து மனிதனை மெதுவாகக் கொல்லும். இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கு அது தெரியும். சில கற்களில் நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் உண்டு. வாங்குபவர் அயல்நாட்டிலிருந்து ஒரு தொன்னுக்கு இத்தனை டொலர் என்று எழுதுவார். அந்தத் தொன்னைத் தோளிற் சுமந்து, காற்றுக்கு எதிரே நின்று தூவப்போவது நம் சகோதரர். அவருடைய மூச்சு அந்த விலைப்பட்டியலில் இடம்பெறாது.

கடனாளி யார்? கட்டுபவர் யார்?

நிற்க. இந்த வாயுவினாற் காற்று ஒரு பாகை சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். கூடிய நீர் ஒரேயடியாக இறங்கும். சமவெளியில் அது வெள்ளம். செங்குத்தான மலையில் அது மண்சரிவு.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, இதே மாவட்டத்தில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை விழுங்கியது. பலரின் உடலும் மீட்கப்படவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் இத்தீவைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மிகுதியாக அடிபட்ட மாவட்டங்களுள் நமது பதுளையும் ஒன்று.

காற்றிற் கரியை நிறைத்தவர் யார்? இலங்கையில் ஓராளின் பங்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் கரியமில வாயு. அமெரிக்காவில் ஓராளுக்கு அதைப்போற் பத்து மடங்குக்கும் மேல். விறகடுப்பில் சமைத்து, கால்நடையாய் மலையேறிக் கொழுந்தெடுக்கும் தாயின் பங்கு இந்தச் சராசரியையும் எட்டாது. கடனை ஏற்றியவர் வேறு. வட்டியை உயிராற் கட்டியவர் வேறு. இந்த நியாயக்கேட்டைச் சொல்லாமல் காபன் வணிகம் பேசுவது, வழக்கின் பாதியை மறைத்து வாதாடுவதாகும்.

துண்டிலிருந்து சீட்டு வரை

இப்போது சட்டத்துக்கு வருவோம். பிடித்த கரிக்கு ஒரு சீட்டு எழுதுகிறார்கள். காபன் கிரெடிட் என்பது அதன் பெயர். ஒரு தொன்னுக்கு ஒரு சீட்டு. அதனை வாங்கியவர், தம் நாட்டில் ஒரு தொன் புகை விட்டாலும் விடாததாகக் கணக்கிற் கழித்துக்கொள்ளலாம். நாடுகளுக்கிடையே இந்தக் கணக்கு மாற்றத்துக்கு 2015 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையின் ஆறாவது உறுப்புரை இடமளிக்கிறது. இலங்கை அரசும் 2050 ஆம் ஆண்டளவிற் கரிச் சமநிலை எய்துவதாக உலகுக்கு வாக்களித்துள்ளது.

சீட்டு என்றவுடன் மலையக மக்களுக்கு நினைவு வரவேண்டிய வேறொரு சொல் உண்டு. அதுதான் துண்டு. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதி, அந்தக் கடனைத் தீர்ப்பவர் ஆளை அழைத்துப் போகலாம் என்று தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிய காகிதம் அது. எழுதியவர் வேறு, வாங்கியவர் வேறு. பேசப்பட்ட பொருளோ மனிதர். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த முறை ஒழிந்தது. ஆனால் காகிதத்தில் நம் பெயரை வேறொருவர் எழுதும் வழக்கம் ஒழிந்ததா? 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம் பெயரை நாட்டிலிருந்து நீக்கியது. 1949 ஆம் ஆண்டு வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கியது. 1964 ஆம் ஆண்டு இரு பிரதமர்கள் நம்மை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலேயே குடியுரிமை கிட்டியது.

நிலத்தின் வரலாறும் அப்படியே. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 ஆம் ஆண்டு அவற்றின் நிருவாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போயிற்று. குத்தகை 2045 வரை. நிலம் அரசினது, குத்தகை கம்பெனியினது, உழைப்பு நம்முடையது. லயத்து அறைக்குக்கூட உறுதிப்பத்திரம் இல்லாமலே பெரும்பாலோர் தலைமுறைகளைக் கழித்தார்கள். நாட்கூலி 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை காத்திருந்த மக்கள் நாம்.

இந்நிலையில் தோட்டத்து மரமும் மண்ணும் பிடிக்கும் கரி யாருக்குச் சொந்தம்? அரசு, நிலம் எனது என்னும். கம்பெனி, குத்தகை எனது என்னும். இடைத்தரகர், கணக்கிட்டவன் நான் என்னும். மரத்தை நட்டு, கவ்வாத்து வெட்டி, தூளைத் தூவியவர் எதுவுமே சொல்லாமல் நிற்பாரா? குத்தகை எழுதியபோது, காற்றிலிருந்து பிடித்த கரிக்கு விலை வரும் என்று எவரும் எண்ணியிருப்பார் என நாம் நம்பவில்லை. எழுதப்படாத இடம் எப்போதும் வலியவனின் இடமாகவே போய்முடிகிறது. ஆகையால் எழுதச் செய்ய வேண்டும்.

இதிலும் மறைவான ஆபத்து ஒன்று உண்டு. கரிப் பிடிப்பு உடன்படிக்கைகள் பல ஆண்டுகளுக்கு எழுதப்படுபவை. மரம் சார்ந்தவை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கும் எழுதப்படுகின்றன. இன்று முப்பது ஆண்டுக்கு எழுதினால் அது 2045-ஐக் கடந்துவிடும். குத்தகை முடிந்தபின் அந்தப் பொறுப்பு யார் தலையில் விழும்? நாளை அந்த நிலத்தைத் தொழிலாளக் குடும்பங்களுக்குச் சிறு தோட்டங்களாகப் பகிர்ந்தளிக்க அரசு முன்வந்தால், "இந்த மண்ணைக் கிளறக் கூடாது, இந்த மரத்தைத் தொடக் கூடாது, கரி வெளியேறினால் நட்டஈடு" என்னும் சுமையோடல்லவா அந்தக் காணி நம் கைக்கு வரும்! காணி கேட்டுப் போராடிய மக்களுக்கு, பிறர் வாங்கிய பணத்துக்கு ஈடுவைத்த காணியைக் கொடுப்பது எந்த நீதி?

நாம் செய்ய வேண்டுவன

"முதலிற் கூலி, பின்னர் வீடு, அதன்பின் விஞ்ஞானம்" என்பாரும் நம்மிடையே உளர். அவர்களின் வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் விஞ்ஞானம் நமது முறைக்குக் காத்திராது. 2021 ஆம் ஆண்டு ஓர் இரவில் இரசாயன உரத்தைத் தடுத்த ஆணை, வெலிமடை உருளைக்கிழங்குக்காரனையோ தேயிலைத் தொழிலாளியையோ கேட்டு வந்ததா? அவ்வாண்டு முடியுமுன்னரே அந்த ஆணை விலகியது. அது விளைத்த நட்டம் விலகவில்லை. பசுமையின் பெயரால் மேலிருந்து வருவதெல்லாம் உழவனுக்கு நன்மையாகவே இருக்கும் என்று நம்ப அதற்குப்பின் நமக்கு நியாயமில்லை. அதேபோல, வருவதனைத்தும் சூழ்ச்சி என்று கதவடைப்பதும் பேதைமை. தூத்துக்குடி ஆலை தன் கணக்கைத் தானே போட்டதால் வென்றது. நாமும் நம் கணக்கை நாமே போட வேண்டும். ஆகவே ஐந்து கோரிக்கைகளை இந்த மேடையில் முன்வைக்கிறோம்.

ஒன்று: தோட்ட நிலத்தின்மீதோ சிறு விவசாயியின் காணியின்மீதோ எழுதப்படும் எந்தக் கரி உடன்படிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். மக்கள் படிக்காத பத்திரத்துக்கு மக்களின் இணக்கம் இருந்ததாகக் கூற எவருக்கும் இடமளிக்கக் கூடாது.

இரண்டு: வரும் பணத்தில் உழைப்பவருக்கும் காணியில் வாழ்பவருக்கும் பங்கு எவ்வளவு என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். கொடைப் பணமாகவோ விழாப் பரிசாகவோ அன்று, உரிமைப் பங்காக.

மூன்று: 2045-ஐக் கடந்து நிலத்தின்மேற் சுமையேற்றும் உடன்படிக்கை எதற்கும் அரசு இசையக் கூடாது.

நான்கு: கல்தூளாயினும் அமீன் கரைசலாயினும், அதனைக் கையாளும் தொழிலாளியின் உடற்காப்பும் மருத்துவச் சோதனையும் செலவுக் கணக்கின் முதல் வரியாக இருக்க வேண்டும். கரி எத்தனை தொன் பிடிபட்டது என்பதை விற்பவர் அளக்கக் கூடாது. நம் ஆராய்ச்சி நிலையமும் பல்கலைக்கழகமும் அளக்க வேண்டும்.

ஐந்து: காபன் பணம் எந்தப் பெயரில் வந்தாலும், அதன் முதற் செலவு சரிவு மலைகளிலுள்ள லயங்களிலிருந்து மக்களைப் பாதுகாப்பான காணியில், உறுதியுடன் கூடிய வீட்டிற் குடியேற்றுவதாக இருக்க வேண்டும். மீரியபெத்தையின் மண்ணுக்குள் இருப்பவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.

இந்த ஐந்தும் எவரிடமும் இரந்து கேட்பவையல்ல. தொழிற்சங்கங்கள், மரக்கறி விவசாயிகளின் சங்கங்கள், ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து வரைவொன்றைத் தயாரித்துவிட்டால், உடன்படிக்கை வரும் நாளில் நம் கையில் நம் வாசகம் இருக்கும். அதற்கான குழு தோட்டந்தோறும் அமைய வேண்டும். இரசாயனம் கற்ற ஆசிரியர் ஒருவர், மண் அறிந்த உழவர் ஒருவர், கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர் என ஐவர் போதும். இங்கு வந்திருக்கும் படித்த இளைஞர்கள் இப்பணியை ஏற்க வேண்டும் என்று உரிமையுடன் கேட்கிறோம்.

காட்டை வெட்டி இந்த மலைகளைத் தோட்டமாக்கியவர்கள் நம் முன்னோர். அதன் விலை உலகச் சந்தையில் எழுதப்பட்டபோது அவர்கள் பெயர் அதில் இல்லை. இப்போது காற்றுக்கும் மண்ணுக்கும் மழைக்கும் விலை எழுதப் போகிறார்கள். இந்த முறை எழுதுகோல் நம் கையிலும் இருக்கட்டும்.